கல்லூரிப் பேட்டையின் கடைவீதிக்கு ஓர் அமைப்பு: முதலில் சம்பளத்துக்கு ஒரு ஆளைத் தேடுங்கள்

"திருவல்லிக்கேணியில் அப்பா காலத்து நோட்டுப் புத்தகக் கடையை நடத்தி வருகிறேன். சுற்றிலும் கல்லூரிகள், விடுதிகள், மேன்ஷன்கள். ஆனாலும் வியாபாரம் வருஷா வருஷம் இளைக்கிறது. அமெரிக்காவில் கல்லூரி ஊர்களின் கடைவீதியைத் தூக்கி நிறுத்தவே தனி அமைப்புகள் இருக்கின்றனவாம். இங்கே அப்படி ஒன்று தொடங்க முடியுமா? சங்கத்தை எப்படிப் பதிவு செய்வது?" இதுதான் நீங்கள் கேட்டது.

முடியும் தம்பி. ஆனால் நீங்கள் கடைசியாகக் கேட்ட பதிவு விஷயத்தை அங்கேயே, கடைசியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தேட வேண்டியது ஒரு ஆள். கடை இல்லாத, கல்லாவில் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லாத, தினமும் காலையும் மாலையும் அந்தத் தெருவை ஒரு முறை முழுக்க நடக்கிற, அதற்காகச் சம்பளம் வாங்குகிற ஒரு ஆள். மீதி எல்லாமே, உறுப்பினர், சந்தா, தீர்மானம், வங்கிக் கணக்கு எல்லாமே, அந்த ஆளை அந்தத் தெருவில் தொடர்ந்து நிறுத்தி வைப்பதற்கான ஏற்பாடுகள்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நகரத்தின் இன்னொரு மூலையில், ஒரு பெரிய கல்லூரியை ஒட்டிய கடைத்தெருவில், நாங்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தோம். முதல் வேலையாகப் பதிவு செய்தோம். ரப்பர் ஸ்டாம்ப், லெட்டர்பேட், பதினேழு பொறுப்பாளர்கள், தெருமுனையில் ஒரு பெரிய பேனர். தொடக்க விழா பிரமாதமாக நடந்தது. அதற்கு அடுத்த மாதம் தெரு நடுவில், தையல் கடை வாசலில், மழைநீர் வடிகாலின் மூடி உடைந்தது. பதினேழு பேரும் அதைத் தாண்டித்தான் தினமும் போனோம். தலைவர் சொல்லியிருப்பார் என்று செயலாளர் நினைத்தார், செயலாளர் மனு கொடுத்திருப்பார் என்று நான் நினைத்தேன். தையல்காரர் ஒரு பலகையைப் போட்டு, யாரும் கால் வைத்துவிடக் கூடாதென்று ஜாக்கெட் துணியில் மிஞ்சிய ஒரு சிவப்புத் துண்டை அதில் கட்டி வைத்தார். ஏழு மாதம் அந்தத் துணி அங்கேயே கிடந்து வெளுத்தது. எங்களில் யாருக்கும் அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு கல்லா இருந்தது. காலை பதினோரு மணிக்கு, போணி ஆகிற நேரத்தில், கடையை விட்டுவிட்டு மண்டல அலுவலகத்துக்குப் போக யாரால் முடியும்?

நீங்கள் சொல்கிற அமெரிக்க அமைப்புகளும் இந்த இடத்தில் தொடங்கியவைதான். 1977-இல் அங்கே பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளை ஒன்று, கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று சிறிய ஊர்களின் கடைவீதிகளைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. ஊருக்கு வெளியே பெரிய அங்காடி வளாகங்கள் வந்து, நடு ஊர்க் கடைகள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு ஊருக்கும் முழுநேர மேலாளர் ஒருவரைப் போட்டார்கள். அவர் கடை கடையாக ஏறி இறங்கினார், கட்டட உரிமையாளர்களைப் பார்த்தார், நகராட்சியோடு பேசினார். அந்தச் சோதனையில் பிறந்த திட்டம் 1980 முதல் நாடு முழுக்கப் பரவியது. அமைப்பு, விளம்பரம், தெருவின் தோற்றம், பொருளாதார பலம் என்று நான்கு அங்கங்களைச் சொல்வார்கள். நான்கும் நல்லவைதான். அந்த நான்கையும் ஒருவர் தோளில் சுமந்தார் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் அவர்களுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம். கனடாவின் டொரோண்டோவில் புளூர் வெஸ்ட் வில்லேஜ் என்ற கடைத்தெருவில் 1970-இல் ஓர் ஏற்பாடு வந்தது: தெருவின் வியாபாரிகள் சேர்ந்து கேட்டால், மாநகராட்சியே அந்தப் பகுதியில் மட்டும் கூடுதல் வரி வசூலித்து, அதை அந்தத் தெருவின் அமைப்பிடமே கொடுத்துவிடும். கொடுக்க மாட்டேன் என்று ஒரு கடை ஒதுங்க முடியாது. உலகம் முழுக்கப் பல நாடுகள் பின்னால் எடுத்துக்கொண்டது இந்த முறையைத்தான். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில் 1982-இல் வந்த அமைப்புக்கு வேறு வழி. நடு ஊரில் புதிய கட்டடங்களால் கூடும் சொத்து வரியில் ஒரு பகுதி அந்த அமைப்புக்கே வரும், பொது வாகன நிறுத்தங்களையும் அதுவே நடத்துகிறது. நம் கடைத்தெருச் சங்கம் இப்படி வரிப்பணத்தில் நடக்க வழி கிடையாது. மனம் வந்து கொடுக்கும் சந்தாதான் நம் வருமானம். அதனால் அவர்கள் சட்டத்தில் தொடங்கினார்கள் என்றால் நாம் நம்பிக்கையில் தொடங்க வேண்டியிருக்கிறது. வேலையைக் கண்ணில் காட்டிய பிறகே பணம் கேட்க முடியும்.

சரி, சென்னையைக் கல்லூரி ஊர் என்று சொல்லலாமா? மொத்த நகரத்தையும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் பேட்டை அசல் கல்லூரி ஊர். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு பக்கம், 1840-இலிருந்து வரும் மாநிலக் கல்லூரி அதன் அருகில், கடற்கரைச் சாலையிலேயே தெற்கே 1914-இன் ராணி மேரிக் கல்லூரி. விக்டோரியா விடுதி. போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டு மேன்ஷன் அறைகளில் நான்கைந்து வருஷம் தங்கிவிடும் பிள்ளைகள். பாரதி சாலை இன்றும் பலர் வாயில் பைகிராப்ட்ஸ் ரோடுதான், அதில் பழைய புத்தகக் கடைகள். இங்கே மாணவன் வெறும் வாடிக்கையாளராக மட்டும் இருந்ததும் கிடையாது. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்த ஆறு பேர், அதில் நான்கு பேர் சட்ட மாணவர்கள், ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி எண்பது பிரதி அச்சடித்து 1878-இல் தொடங்கியதுதான் 'தி இந்து' பத்திரிகை. கூட்டாக ஒரு காரியம் செய்வதற்கு வெளிநாட்டு முன்மாதிரியும் தேவையில்லை. 1904-இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், நம் வீடுகளில் டியுசிஎஸ் என்று சொல்வது, இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவாகக் கருதப்படுகிறது. உங்கள் கூட்டத்தில் யாராவது "இதெல்லாம் நம்ம ஊரில் நடக்காது" என்றால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் வியாபாரம் ஏன் இளைக்கிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஆன்லைன் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் கல்லூரியை நம்பிய கடைத்தெருவுக்கு அதற்கும் பழைய நோய் ஒன்று உண்டு. அதன் வருமானம் செமஸ்டரைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும். ஜூன், ஜூலையில் சேர்க்கை, கையில் காசு புரளும். தேர்வு மாதத்தில் செராக்ஸ் கடைக்குக் கூட்டம், துணிக்கடையில் ஈ ஆடும். மே மாதம் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டால் மெஸ்காரர் இலை எண்ணிக்கையைப் பாதியாகக் குறைப்பார். வாடகை மட்டும் பன்னிரண்டு மாதமும் அதே வாடகை. இந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல்தான் கல்லூரி ஊர்களில் சின்னக் கடைகள் மூடுகின்றன. பள்ளத்தை நிரப்புவதுதான் உங்கள் அமைப்பின் தொழில் என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

திருவல்லிக்கேணிக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்னவென்றால் அதற்கு ஒரே நாள்காட்டி இல்லை. பார்த்தசாரதி கோயிலுக்கு மார்கழியில் வைகுண்ட ஏகாதசி. வாலாஜா பள்ளிவாசலைச் சுற்றி ரம்ஜான் மாலைகள். சேப்பாக்கம் மைதானத்தில் கிரிக்கெட். இதில் ஐபிஎல் வருவது ஏப்ரல், மே. கல்லூரியில் தேர்வும் அதன் பின் விடுமுறையும் வரும் அதே மாதங்கள்! பல்லாயிரம் பேர் சேப்பாக்கம் ரயில் நிலையத்திலும் அரசினர் தோட்டம் மெட்ரோவிலும் இறங்கி, வாலாஜா சாலை வழியே நடந்து, ஆட்டம் முடிந்ததும் அதே வழியில் திரும்பிப் போகிறார்கள். சாப்பாட்டுக்கு, தண்ணீருக்கு, உட்கார ஓர் இடத்துக்கு ஏங்குகிற கூட்டம் அது. உங்கள் பக்கத்துத் தெருக்களில் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஆட்ட நாள் மாலைகளில் எந்தெந்த மெஸ் பதினோரு மணிவரை திறந்திருக்கும், எந்தச் சந்து வழியே ரயிலடிக்குக் குறுக்கே போகலாம் என்று ஒரு பக்கத் துண்டுத்தாள், இரண்டு நிலைய வாசலிலும். இது போதும், முதல் வருஷத்துக்கு இதைவிடப் பெரிய விழா எதுவும் வேண்டாம்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கணக்கெடுப்பு வேண்டும். உங்கள் அனுமானமும் என் அனுமானமும் கூட்டத்தில் சண்டையைத்தான் கிளப்பும். தெருவின் இரண்டு முனையிலும் ஒவ்வொருவர், கையில் அட்டையும் பென்சிலும். ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு. காலை எட்டு முதல் ஒன்பது, மதியம் ஒன்று முதல் இரண்டு, மாலை ஆறு முதல் ஏழு. நடந்து போகிறவர்களை ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணுங்கள், பையோடு போகிறவருக்குத் தனிக் கோடு. அப்புறம் கடை கடையாக: என்ன கடை, எத்தனை மணிக்குத் திறக்கிறது, எது பூட்டிக் கிடக்கிறது, எத்தனை மாதமாக, உரிமையாளர் எங்கே இருக்கிறார். நான் பார்த்த ஒரு தெருவில் எல்லோரும் "பார்க்கிங் இல்லை, அதனால்தான் ஆள் வருவதில்லை" என்று அடித்துச் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தால் பை தூக்கிக்கொண்டு போனவர்களில் பெரும்பாலோர் நடந்தோ பஸ்ஸிலோ வந்தவர்கள். கடைவாசலை அடைத்திருந்த இருசக்கர வண்டிகளில் பாதி கடைக்காரர்களும் அவர்களிடம் வேலை செய்பவர்களும் நிறுத்தியவை. அந்த எண்களைச் சுவரில் ஒட்டிய மறுவாரமே எட்டு கடைக்காரர்கள் வண்டியைப் பின் தெருவுக்கு மாற்றினார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை.

இந்த எண்ணும் வேலைக்குக் கல்லூரியைக் கூப்பிடுங்கள். கல்லூரியிடம் நன்கொடை கேட்டுப் போகாதீர்கள், அரசு நிறுவனம் உங்களுக்குப் பணம் தர வழியில்லை, அந்தப் பேச்சே கதவை மூடிவிடும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். பொருளாதாரத் துறையிலும் வணிகவியல் துறையிலும் பிள்ளைகளுக்குக் கள ஆய்வு தேவைப்படுகிறது. உங்களுக்குக் கணக்கு, அவர்களுக்கு ஆய்வு. இன்னொன்றும் கேளுங்கள்: வருஷத் தொடக்கத்திலேயே தேர்வு, விடுமுறை, பட்டமளிப்பு நாள்களின் பட்டியல். எந்த வாரம் எவ்வளவு சரக்கு எடுக்க வேண்டும் என்று அந்த ஒரு தாள் உங்கள் தெருவுக்கே சொல்லிவிடும்.

குழுவில் யார் யாரை உட்கார வைப்பது என்பதில்தான் பெரும்பாலான சங்கங்கள் தடுக்கி விழுகின்றன. கடைக்காரர்கள் மட்டும் கூடினால் முதல் கூட்டத்திலேயே "பிளாட்பாரக் கடைகளை எடுக்கச் சொல்லுங்கள்" என்ற தீர்மானம் வரும். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: அந்தத் தீர்மானம் நிறைவேறிய நாளோடு உங்கள் அமைப்பு முடிந்தது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. தெருவோர வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. சட்டம் இருக்கட்டும், வியாபாரத்தையே பாருங்கள். உங்கள் நோட்டுக் கடைக்கு வெளியே சுண்டல் விற்கும் அம்மாவுக்காக நிற்கிற பையன்தான் திரும்பிப் பார்த்து ஒரு பேனா வாங்குகிறான். மாலையில் தெருவில் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருப்பது அவர்களால்தான், அதனால்தான் விடுதிப் பெண்கள் எட்டு மணிக்கும் தைரியமாக நடக்கிறார்கள். ஒவ்வொரு தள்ளுவண்டியும் எங்கே நிற்கலாம், நடைபாதையில் எத்தனை அடி விட வேண்டும், குப்பையை யார் எடுப்பது என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசி, தரையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, பதினொரு பேர் போதும் என்பேன். நான்கு கடைக்காரர்கள், இரண்டு தெருவோர வியாபாரிகள், கட்டட உரிமையாளர் ஒருவர், மேன்ஷன் அல்லது மெஸ் நடத்துபவர் ஒருவர், அந்தத் தெருவிலேயே குடியிருப்பவர் ஒருவர், ஓர் ஆசிரியர், ஒரு மாணவி. கட்டட உரிமையாளரை விட்டுவிடாதீர்கள். தெரு நன்றாக வந்ததும் அட்வான்ஸையும் வாடகையையும் ஏற்றி, தெருவை நன்றாக்கிய கடைக்காரரையே வெளியே அனுப்புவது நம் ஊரில் சகஜம். மூன்று வருஷத்துக்கு ஏற்றம் இவ்வளவுதான் என்று முதலிலேயே ஒரு வார்த்தை வாங்கிக்கொள்ள அவர் அந்த அறைக்குள் இருக்க வேண்டும்.

பணக் கணக்கு. 120 கடைகள் இருக்கும் ஒரு தெருவில் ஆளுக்கு மாதம் 300 ரூபாய் என்றால் 36,000. எல்லோரும் தர மாட்டார்கள், 80 கடை என்றால் 24,000. தெருவோரக் கடைக்கு 50 ரூபாய் போதும், ஆனால் கட்டாயம் வாங்குங்கள், கொடுத்தவருக்குத்தான் கேள்வி கேட்கும் உரிமை வரும். இதில் சம்பளம் போனால் மிச்சம் பெரிதாக இருக்காது, இருக்கவும் வேண்டாம். வசூலும் செலவும் மாதா மாதம் ஒரே தாளில், தெருமுனை டீக்கடைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி வரும் என்று யாராவது ஆசை காட்டினால் இப்போதைக்கு நம்ப வேண்டாம். அந்த நிதியை வாங்கிச் செலவு செய்ய வெளி அமைப்புக்குப் பொதுவாக மூன்று ஆண்டு அனுபவமும், அமைப்புக்கும் நன்கொடை தருபவருக்கும் வரிச் சலுகை தரும் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும் வேண்டும். வியாபாரிகளின் நலனுக்கு மட்டும் என்று நோக்கம் எழுதினால் அந்தப் பதிவுகள் கிடைப்பதும் கஷ்டம், ஆகவே நோக்கங்களை எழுதும்போதே ஓர் ஆடிட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்கு, நடைபாதை போன்ற வேலைகளுக்கு மாநில அரசின் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது, மக்கள் தரப்பில் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். அந்தப் பங்கைத் திரட்டக்கூடிய தெரு என்று பெயர் எடுப்பதே ஒரு சொத்து.

பதிவு எளிது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு உறுப்பினர்கள், விதிமுறைகள், மாவட்டப் பதிவாளர் அலுவலகம். வருஷா வருஷம் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், பல சங்கங்கள் சாவது இதைச் செய்யாமல்தான். வேலை நடக்கத் தொடங்கிய பிறகு பதியுங்கள். அதுவரை மூன்று பேர் கையெழுத்தில் ஒரு நோட்டு போதும்.

மாநகராட்சியோடு உங்களுக்கு வேலை உங்கள் பகுதியின் மண்டல அலுவலகத்தில். குப்பை, விளக்கு, வடிகால் எதுவானாலும் 1913-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குவது முதல் படி. உங்கள் ஆள் அந்த எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதி, பத்து நாள் கழித்து அந்த நோட்டோடு உதவிப் பொறியாளரைப் போய்ப் பார்க்க வேண்டும். கோபமாக வரும் இருபது பேரைவிட, தேதியோடு வரும் ஒருவருக்குச் சீக்கிரம் வேலை நடக்கும். அவர்களுக்கும் மேலே காட்ட ஒரு தாள் வேண்டும் அல்லவா.

பாண்டி பஜாரில் 2019-இல் திறந்த நடைபாதை வளாகத்தைக் காட்டி, நமக்கும் அது வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அழகான வேலைதான், நானும் பேரப்பிள்ளைகளோடு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அது அரசுப் பணத்தில், சீர்மிகு நகரத் திட்டத்தில் வந்தது. உங்கள் தெருவின் அகலமே வேறு. உங்கள் தெருவில் கிரானைட் பெஞ்சு போட்டால் சைக்கிள் போகவும் இடம் இருக்காது. உடைந்த மூடிகள், இருட்டு மூலைகள், குடிக்கத் தண்ணீர், பெண்கள் தயங்காமல் போகக்கூடிய ஒரு சுத்தமான கழிப்பறை. இந்த நான்கும் சரியான தெருவில் ஆள் தானாக நிற்கும்.

அந்த ஆள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எம்பிஏ படித்தவர் தேவையில்லை. நாற்பது வயதைத் தாண்டிய, குடும்பப் பொறுப்பு முடிந்த ஒரு பெண் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பேன். அல்லது கூரியரிலோ எல்ஐசி ஏஜெண்டாகவோ அந்தப் பேட்டையில் பல வருஷம் படியேறிய ஒருவர். தமிழோடு உருதுவும் கொஞ்சம் பேசினால் உங்கள் பேட்டையில் பாதிக் கதவுகள் தானாகத் திறக்கும். கடைக்காரரின் சொந்தக்காரராக மட்டும் இருக்கக் கூடாது. ஒரு போன், ஒரு நோட்டு, ஒரு நல்ல ஜோடிச் செருப்பு. முதல் மாதச் சம்பளத்தை நீங்கள் நான்கு பேர் கையிலிருந்து போடுங்கள், இரண்டாம் மாதத்திலிருந்து தெரு போடட்டும்.

செமஸ்டர் தொடங்கி இரண்டு வாரம் கழித்து எண்ணினால்தான் எண்ணிக்கை சரியாக வரும், அதற்கு முன்னால் வேண்டாம். நாளைக் குறித்துவிட்டுச் சொல்லுங்கள், மாலை ஆறு மணிக்கு ஒரு முனையில் அட்டையும் பென்சிலுமாக நான் வந்து நிற்கிறேன்.